சீழ் வைக்காத காயம்: உடம்போட எதிர்ப்பு சக்தியை நேர்ல பாத்தவங்க உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

தூறல்

எங்கம்மாவுக்கு ரெண்டாவது கீமோ முடிஞ்சு ஒன்பதாவது நாள். காய் நறுக்கறப்போ ஆள்காட்டி விரல்ல லேசா கத்தி பட்டுச்சு, ரெண்டு சொட்டு ரத்தம், துடைச்சுட்டு பிளாஸ்திரி போட்டுக்கிட்டாங்க, என்கிட்ட சொல்லக்கூட இல்ல. மறுநாள் நான் பிரிச்சுப் பாத்தப்போ சிவப்பு இல்ல, வீக்கம் இல்ல, சீழ் இல்ல, அவ்ளோ சுத்தமா இருந்துச்சு. பரவால்ல ஆறிடும்னு விட்டுட்டேன். அன்னைக்கு ராத்திரி குளுருதுன்னு ரெண்டாவது போர்வை கேட்டாங்க, தெர்மாமீட்டர் வச்சா 100.8.

100.4 தாண்டுனா ராத்திரி எந்நேரமா இருந்தாலும் கூட்டிட்டு வந்துடுங்க, நீங்களா பாராசிட்டமால் குடுத்து காய்ச்சலை மறைச்சுடாதீங்கன்னு முதல் கீமோ அன்னைக்கே சொல்லி அனுப்பியிருந்தாங்க, அதனால உடனே கிளம்பிட்டோம். ரத்தம் எடுத்து பாத்தா, கிருமியோட சண்டை போடற வெள்ளணுவான நியூட்ரோஃபில் வெறும் 180. சாதாரணமா ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்துல 2000-க்கு மேல இருக்கணும், 500-க்கு கீழ போனாலே ஆபத்து. ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காம, வந்த ஒரு மணி நேரத்துக்குள்ளயே ஆன்டிபயாடிக் ஏத்த ஆரம்பிச்சுட்டாங்க. நான் அந்த டியூட்டி டாக்டர்கிட்ட, விரல் காயம்கூட நல்லா தானே டாக்டர் இருக்கு, சீழ்கூட வைக்கலையேன்னு சொன்னேன். அவர் பொறுமையா உக்காந்து சொன்னார், "சீழ்ங்கறதே கிருமியோட சண்டை போட்டு செத்துப்போன வெள்ளணுக்கள் தாம்மா. உங்கம்மா உடம்புல இப்ப சண்டைக்குப் போறதுக்கே ஆள் இல்ல." கிருமி விரல் வழியா தான் போச்சுன்னு உறுதியா சொல்ல முடியாது, வாய்ப்புண் வழியாவோ குடல் வழியாவோகூட போயிருக்கலாம்னும் சொன்னார்.

இந்த நியூட்ரோஃபில் ரத்தத்துக்குள்ள வந்தா ஏறக்குறைய ஒரு நாள் தான் உயிரோட இருக்குமாம், அதனால எலும்பு மஜ்ஜை தினமும் 10,000 கோடி அளவுல புதுசா செஞ்சுக்கிட்டே இருக்கணும். கீமோ மருந்து வேகமா பிரியற செல்லு எல்லாத்தையும் அடிக்கும், கேன்சரையும் அடிக்கும் மஜ்ஜையையும் அடிக்கும், உற்பத்தி நின்னா ஸ்டாக் தீர ரொம்ப நாளெல்லாம் ஆகாது.

மஜ்ஜையைத் தூண்டுற ஊசி போட்டாங்க. அம்மாவுக்கு இடுப்பெலும்பும் நெஞ்செலும்பும் குடைஞ்சு எடுத்துச்சு, உள்ள வேலை நடக்குதுன்னு அர்த்தம்னாங்க. 180, அப்புறம் 400, அப்புறம் 1900. கவுன்ட் ஏறுன அன்னைக்கு காலைல தான் விரல் சிவந்து வீங்கி ஓரத்துல துளி சீழ் கோத்திருந்துச்சு. நான் பதறிப்போய் நர்ஸ கூட்டிட்டு வந்தேன், அவங்க விரலைப் பாத்தாங்க, சார்ட்டைப் பாத்தாங்க, "வந்துட்டாங்க"ன்னு சிரிச்சாங்க. நான் அழுதுட்டேன்.

சிவப்பு, வீக்கம், வலி, காய்ச்சல் எல்லாம் நோய்னு தான் நாம நினைச்சுக்கிட்டிருக்கோம், அதுல பாதிக்கு மேல நம்ம பக்கத்து ஆளுங்க வேலை செய்யற சத்தம்னு எனக்கு அன்னைக்கு தான் புரிஞ்சுது. இதுமாதிரி உங்க உடம்போட காவலை நேருக்கு நேரா பாத்த நேரம் இருந்தா எழுதுங்க.

ஸ்லைடு அக்கா

தூறல், அம்மா இப்ப எப்டி இருக்காங்க? நான் 14 வருஷமா லேப்ல இருக்கேன், நீங்க சொல்ற அந்த ஆளுங்கள தான் தினமும் மைக்ராஸ்கோப்ல எண்றேன். நல்லா முதிர்ந்த நியூட்ரோஃபிலோட உட்கரு மூணு நாலு துண்டா மெல்லிசா கோத்த மாதிரி இருக்கும். பெரிய இன்ஃபெக்ஷன் வந்தா முதிர்ற வரைக்கும் மஜ்ஜையால காத்திருக்க முடியாது, பயிற்சி முடியாத பசங்கள சண்டைக்கு அனுப்புற மாதிரி அரைகுறையா இருக்கறதை வெளிய தள்ளும், அதோட உட்கரு பிரியாம குதிரை லாடம் மாதிரி வளைஞ்சு இருக்கும். அப்படிப்பட்டது நெறைய தெரிஞ்சாலே அந்த பேஷண்ட் உள்ளுக்குள்ள என்ன பாடு படறாருன்னு முகத்தைப் பாக்காமலே தெரிஞ்சுடும்.

மறக்கவே முடியாதது ஒண்ணு இருக்கு. காய்ச்சலும் கழுத்து விறைப்புமா வந்த ஒரு காலேஜ் பையனோட முதுகுத் தண்டு நீர், தெளிவா இருக்க வேண்டியது கலங்கலா வந்துச்சு. ஸ்டெயின் பண்ணி பாத்தா நியூட்ரோஃபில் கும்பல் கும்பலா, அதுங்க வயித்துக்குள்ள சிவப்பா காபிக்கொட்டை மாதிரி ஜோடி ஜோடியா கிருமிங்க. முழுங்கின கையோட செத்துக் கிடந்த செல்லையெல்லாம் பாத்துக்கிட்டே இருந்தேன், ஒரு நிமிஷம் கை ஓடல. அப்புறம் வார்டுக்கு போன் போட்டு சொன்னேன். பையன் பொழைச்சுட்டான், ஆன்டிபயாடிக் வேலை செஞ்சது உண்மை தான், ஆனா மருந்து உள்ள போறதுக்கு முன்னாடி அத்தனை மணி நேரம் தாக்குப்பிடிச்சது இதுங்க தானே.

செல்லு கிருமியை முழுங்கும்னு முதல்ல நம்புனவர் ரஷ்ய விஞ்ஞானி மெக்னிகோவ். 1882ல இத்தாலில மெசினாவுல, கண்ணாடி மாதிரி உடம்பு இருக்கற நட்சத்திர மீன் குஞ்சுக்குள்ள முள்ளைக் குத்திட்டு மறுநாள் காலைல பாத்திருக்கார், முள்ளைச் சுத்தி செல்லுங்க மொய்ச்சுக்கிட்டு இருந்துச்சாம். அந்தக் காலத்துல காவலுக்குக் காரணம் செல்லா இல்ல ரத்த நீர்ல இருக்கற ஆன்டிபாடியான்னு ரெண்டு கட்சியா பெரிய சண்டை. 1908ல நோபல் பரிசை அவருக்கும் ஆன்டிபாடி பக்கம் நின்ன பால் எர்லிக்குக்கும் சேத்தே குடுத்தாங்க. ரெண்டு பேரும் சொன்னது சரி தான், ஆன்டிபாடி கிருமி மேல ஒட்டி அடையாளம் காட்டுனா தான் செல்லுக்கு முழுங்க சுலபம்.

குளவி கொட்டினவன்

என் கதை தலைகீழ். பத்து வயசுல குளவி கொட்டுச்சு, கை வீங்குச்சு, ரெண்டு நாள்ல சரியாப் போச்சு. 11 வருஷம் கழிச்சு மறுபடி ஒரே ஒரு குளவி. அஞ்சு நிமிஷத்துல உள்ளங்கை அரிப்பு, உடம்பெல்லாம் தடிப்பு, நாக்கு தடிச்சு பேச்சு குழறுது, கண்ணு இருட்டிக்கிட்டு வந்து விழுந்துட்டேன். தொடைல அட்ரினலின் ஊசி போட்ட அப்புறம் தான் மூச்சே வந்துச்சு. சரியாயிடுச்சே போலாம்னு பாத்தா விடல, சில மணி நேரம் கழிச்சு ரெண்டாவது அலை வரலாம்னு ராத்திரி முழுக்க வச்சுப் பாத்தாங்க.

விஷம் என்னை ஒண்ணும் பண்ணலன்னாங்க டாக்டர். முதல் தடவை கொட்டுனதை உடம்பு ஞாபகம் வச்சு அதுக்குன்னு ஐஜிஇங்கற அலர்ஜி ஆன்டிபாடி செஞ்சு, மாஸ்ட் செல்லுங்கற காவல் செல்லு மேல ஒட்டி வச்சிருந்திருக்கு, ரெண்டாவது தடவை அத்தனை செல்லும் ஒரே நேரத்துல அரிப்பும் வீக்கமும் உண்டாக்குற ஹிஸ்டமின கொட்டிடுச்சு. என்னைக் கொல்லப் பாத்தது என் காவல் தான். அதனால எதிர்ப்பு சக்தியைக் கூட்டுறேன்னு யாராவது எதையாவது விக்க வந்தா எனக்கு கோவம் வந்துடும், கூட்டி என்ன பண்ண, எங்க அடிக்கணும் எங்க நிறுத்தணும்னு தெரியணுமே. இப்ப குளவி விஷத்தையே துளி துளியா ஏத்தி ஊசி போட்டுக்கிட்டு வரேன், மூணுல இருந்து அஞ்சு வருஷம் ஆகும்.

ரெண்டாம் பிறப்பு

குளவி தம்பி சொன்னதை அப்படியே ஒத்துக்கறேன். எனக்கு எங்கக்கா கிட்னி குடுத்து ஆறு வருஷம் ஆச்சு. கூடப் பொறந்தவங்களுக்குள்ள, தன் செல்லு எதுன்னு உடம்பு கண்டுபிடிக்கற ஹெச்எல்ஏ அடையாளம் முழுசா பொருந்த நாலுல ஒரு வாய்ப்பு தான், எங்களுக்குப் பொருந்துச்சு. அப்படியும் தினமும் காலைல எட்டு, ராத்திரி எட்டு, புது கிட்னியை உடம்பு தாக்காம அடக்கி வைக்கற டாக்ரோலிமஸ் மாத்திரை போட்டே ஆகணும். 1954 டிசம்பர்ல பாஸ்டன்ல ஜோசப் முர்ரே செஞ்ச முதல் வெற்றிகரமான கிட்னி மாற்று ஆபரேஷன் இந்த மருந்தெல்லாம் இல்லாமலே நின்னுச்சு, ஏன்னா ரெண்டு பேரும் ஒரே மாதிரி இரட்டையர், உடம்புக்கு அந்நியம்னே தெரியல. நாங்க இரட்டையர் இல்லையே.

மூணாவது வருஷம் எனக்கு ஒரு தைரியம் வந்துடுச்சு, நல்லா தானே இருக்கோம்னு பயணத்துல மாத்திரை தீர்ந்தும் நாலு நாள் விட்டுட்டேன். கிட்னி சரியா வேலை செய்யலைன்னா ரத்தத்துல ஏறற கிரியேட்டினின், 1.2 இருந்தது ரெண்டு வாரத்துல 2.1. வலி இல்ல, காய்ச்சல் இல்ல, ஒரு அறிகுறியும் இல்ல. துளி சதை எடுத்து பயாப்ஸில பாத்தா, டி செல்லுங்கற வெள்ளணுங்க அக்காவோட கிட்னிக்குள்ள புகுந்திருக்கு. மூணு நாள் ஸ்டீராய்டு ஏத்தி நிறுத்துனாங்க, 1.5-க்கு மேல சரியாகல, போனது போனது தான். அக்காகிட்ட சொல்லும்போது அவங்க திட்டல, இப்ப தினமும் எட்டு மணிக்கு ஒரு மிஸ்டு கால் குடுக்கறாங்க, நான் போட்டுட்டேன்னு திருப்பி ஒண்ணு குடுக்கணும்.

பாட்டி 61

எனக்கு ஏழு வயசுல சின்னம்மை வந்துது. போன வருஷம் இடது விலாவுல நெருப்பு வச்ச மாதிரி எரிச்சல், மூணு நாள் கழிச்சு பெல்ட் கட்டுன மாதிரி ஒரு பக்கம் மட்டும் கொப்புளம். அக்கின்னு சொன்னாங்க. அதே பழைய வைரஸ் தானாம், இத்தனை வருஷமா நரம்பு முடிச்சுல ஒளிஞ்சுக்கிட்டு இருந்திருக்கு, டி செல்லு அத்தனை வருஷமும் அதைக் காவல் காத்திருக்கு, வயசானதும் காவல் தளர்ந்துடுச்சு. கொப்புளம் வந்து 72 மணி நேரத்துக்குள்ள மாத்திரை ஆரம்பிச்சா நல்லது, நான் அதுக்குள்ள போயிட்டேன். என்கிட்ட இருந்து பேத்திக்கு சின்னம்மை தொத்தலாம்னு டாக்டர் சொன்னதால கொப்புளம் காஞ்சு பொருக்கு கட்டற வரைக்கும் குழந்தையைத் தூக்கல. வலியைவிட அது தான் கஷ்டமா இருந்துது.

புதுசா வந்தவன்

அப்போ காய்ச்சல் வந்தா மாத்திரையே போடக் கூடாதா?

ஸ்லைடு அக்கா

அப்படி இல்லப்பா. கிருமி வந்ததும் வெள்ளணுக்கள் அனுப்புற சேதி மூளைக்குப் போய், உடம்போட சூட்டை எங்க நிறுத்தணும்ங்கற அளவை ஏத்தி வைக்குது, அதனால தான் உடம்பு சுடறப்பவே குளுருது, நடுங்கித் தான் அந்த சூட்டைக் கொண்டு வரும். மத்தபடி ஆரோக்கியமா இருக்கற பெரியவங்க முடியலைன்னா பாராசிட்டமால் போட்டுக்கலாம். கீமோல இருக்கறவங்க, கிட்னி மாத்துனவங்க, மூணு மாசத்துக்கு உட்பட்ட குழந்தை, இவங்களுக்குக் காய்ச்சல்னா மட்டும் வீட்ல வச்சுப் பாக்கவே வேண்டாம்.

தூறல்

எல்லாத்தையும் அம்மாவுக்குப் படிச்சுக் காட்டுனேன். குளவி தம்பி கதைல ஐயோன்னாங்க, மிஸ்டு கால்ல அழுதுட்டாங்க. அக்கா, அம்மா நல்லா இருக்காங்க, விரல்ல ஒரு வெள்ளைக் கோடு மட்டும் இருக்கு. மூணாவது கீமோ வியாழக்கிழமை, இந்தத் தடவை கவுன்ட் விழறதுக்குக் காத்திருக்காம மறுநாளே அந்த ஊசி போடறாங்க. வீட்ல நாங்க மூணு பேரும் ஃப்ளூ தடுப்பூசி போட்டுட்டோம். கத்தி இனிமே என் கைல தான். தெர்மாமீட்டருக்கு பேட்டரி மாத்தி அம்மா தலையணை பக்கத்துல வச்சிருக்கேன்.