உதவி: கிரேன் பெட்டிக்குள் போர்டு தானாக ரீசெட் ஆகிறது, அவசரம்

துவாஸ்வாசி:
வணக்கம். சிங்கப்பூர் துவாஸில் ஒரு யார்டு கிரேனில் எங்கள் கன்ட்ரோல் போர்டை மாட்டியிருக்கிறோம். ஆபீஸ் மேசையில் நாள் முழுக்க ஓடுகிறது, அங்கே போனால் திடீர் திடீரென்று ரீசெட். கோட் மாற்றவே இல்லை. நாளைக்குக் கஸ்டமர் வருகிறார், யாராவது சொல்லுங்கள்.

ஈசூன் வயர்மேன்:
எந்தச் சிப்? எந்த ஆர்டிஓஎஸ் (வேலைகளை நேரம் தவறாமல் ஓட்டும் இயங்குதளம்)? பவர் எங்கிருந்து? இதையெல்லாம் சொல்லாவிட்டால் ஜோசியம்தான் பார்க்கணும்.

மழைமேகம்:
ஈரம்தான், வேறொன்றுமில்லை. வெயிலில் பெட்டி காய்ந்து கிடக்கும்போது மழை கொட்டினால் உள்ளே காற்று சுருங்கி, கேபிள் நுழையும் கிளாண்ட் வழியாக ஈரக்காற்றை இழுத்துக்கொள்ளும். ஐபி67 என்பது ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்குவதற்கான சோதனை, உள்ளே வியர்ப்பதற்கு அது பதில் இல்லை. காற்று போய்வர வென்ட் பிளக் போடுங்கள், போர்டுக்கு ஈரம் தாங்கும் கோட்டிங் அடியுங்கள்.

துவாஸ்வாசி:
சிப் எஸ்டிஎம்32எஃப்4, ஆர்டிஓஎஸ் ஃப்ரீஆர்டிஓஎஸ். பவர் கிரேனின் 24 வோல்ட்.

மூத்தவன்:
தம்பி, டேட்டாஷீட் படிக்கிற பழக்கமே உங்கள் செட்டுக்கு இல்லை. இது பிரயாரிட்டி இன்வெர்ஷன், முக்கியம் குறைந்த வேலை பூட்டைப் பிடித்துக்கொண்டு முக்கியமான வேலையைக் காக்க வைப்பது. 1997இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலமும் இப்படித்தான் ரீசெட் ஆனது, அதன் ஆர்டிஓஎஸ்ஸான விஎக்ஸ்வொர்க்ஸின் மியூடெக்ஸில் (பூட்டு) இன்ஹெரிட்டன்ஸை, அதாவது பூட்டைப் பிடித்திருக்கும் வேலைக்குத் தற்காலிகமாக முன்னுரிமை கூட்டுவதை, அணைத்து வைத்திருந்தார்கள். நீங்கள் பூட்டுக்குப் பைனரி செமஃபோர் போட்டிருப்பீர்கள், ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸில் அதற்கு இன்ஹெரிட்டன்ஸ் கிடையாது. மியூடெக்ஸ் போடுங்கள்.

ஈசூன் வயர்மேன்:
அண்ணே, அதே கோட் மேசையில் ஓடுகிறதே. முதலில் சிப்பின் ஆர்சிசி சிஎஸ்ஆர் ரெஜிஸ்டரைப் படிக்கட்டும், ரீசெட் வாட்ச்டாக்கா (கோட் மாட்டிக்கொண்டால் ரீசெட் செய்யும் டைமர்) பவரா என்று அதுவே சொல்லும். படித்ததும் ஆர்எம்விஎஃப் பிட்டால் அழித்துவிடுங்கள், இல்லையென்றால் பழைய ஃப்ளாக்கும் சேர்ந்தே நிற்கும்.

பென்குவின்தாசன்:
இந்தத் தலைவலிக்குப் பேசாமல் லினக்ஸே போடலாம். லினக்ஸை ஆர்டிஓஎஸ் மாதிரி ஆக்கும் பிரீம்ப்ட்-ஆர்டி 6.12 கர்னலிலேயே மெயின்லைனில் சேர்ந்தாயிற்று.

மூத்தவன்:
ரீசெட் ஆனால் எங்கள் போர்டு கண் சிமிட்டுவதற்குள் எழுந்துவிடும். உங்கள் லினக்ஸ் பூட் ஆகும்வரை பாரம் அந்தரத்தில் தொங்குமா?

பென்குவின்தாசன்:
தொங்கத்தான் செய்யும், பவர் போனால் பிரேக் பிடிக்கிற மாதிரிதானே ஹாய்ஸ்ட் (பாரம் தூக்கும் இயந்திரம்) செய்கிறார்கள். நீங்கள் எப்போதாவது யார்டு பக்கம் போயிருக்கிறீர்களா, சார்?

மூத்தவன்:
நீ பிறப்பதற்கு முன்பே போயிருக்கிறேன்.

ஈசூன் வயர்மேன்:
இரண்டு பேரும் தனி இழை திறந்து சண்டை போடுங்கள் லா. துவாஸ்வாசி, ஹாய்ஸ்ட் மோட்டார் கிளம்புகிற நேரத்தில்தான் ரீசெட் ஆகிறதா?

துவாஸ்வாசி:
ஆமாம், தூக்கும்போது மட்டும்தான். சொல்ல மறந்துவிட்டேன். வாட்ச்டாக் ஃப்ளாக் இல்லை, பவர்-ஆன் ரீசெட் ஃப்ளாக்தான் ஏறியிருக்கிறது, ஆனால் யாரும் பவரை அணைக்கவில்லை.

ஈசூன் வயர்மேன்:
அப்புறம் என்ன, மோட்டார் இழுக்கும்போது சப்ளை வோல்டேஜ் சரிகிறது. ஆசிலோஸ்கோப்பைப் போர்டின் இன்புட்டிலேயே வைத்து, இறங்கும் அந்த ஒரு கணத்தை சிங்கிள் ட்ரிகரில் பிடியுங்கள், மல்டிமீட்டர் சராசரிதான் காட்டும், இதைத் தவறவிட்டுவிடும். கனெக்டர் பின்களையும் பாருங்கள். டயோடு ஒன்றும் பெரிய கபாசிட்டர் ஒன்றும் முன்னால் போட்டால் நாளைக்குச் சமாளிக்கலாம்.

துவாஸ்வாசி:
எம்12 கனெக்டரில் ஒரு பின் பச்சை பூத்துக் கிடந்தது. மாற்றியாயிற்று, டயோடும் கபாசிட்டரும் போட்டாயிற்று, இப்போது ஓடுகிறது. நன்றி அண்ணே.

மழைமேகம்:
பச்சை பூத்தது எதனால்? ஈரம்!

மூத்தவன்:
செமஃபோரை மாற்றினீர்களா இல்லையா?

ஈசூன் வயர்மேன்:
ஸ்கோப் படத்தைப் போடுங்கள், எத்தனை வோல்ட்டுக்கு இறங்கியது?