பிரிஸ்க் தேநீர்: 'சுறுக்கு' என்று வைக்கலாமா?

நண்பர்களுக்கு வணக்கம். தேநீரின் சுவையைக் குறிக்க ஆங்கிலத்தில் சொல்கிற 'பிரிஸ்க்' என்பதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்று இந்த இழையில் பேசிக்கொண்டிருந்தோம், அதற்கு ஒருவர் எழுதியது:

> பிரிஸ்க் என்பதற்கு 'விறுவிறுப்பு' என்றே வைத்துவிடலாம், அகராதியும் அதைத்தானே சொல்கிறது.

அண்ணாச்சி, அகராதிப்படி சரிதான். ஆனால் விறுவிறுப்பு என்றதும் எனக்குத் தொடர்கதைதான் நினைவுக்கு வருகிறது, வாய் ஊறவில்லை. தேயிலை சுவைத்து மதிப்புப் போடுகிறவர்கள் பிரிஸ்க் என்று சொல்வது, நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் சட்டென்று ஒரு பிடி பிடித்து, உடனே விட்டு, வாயைத் துப்புரவாக்கிவிட்டுப் போகிற அந்த உணர்வை. அது இல்லாமல் சப்பென்று இருந்தால் ஃபிளாட் என்று தள்ளிவிடுவார்கள், விலையும் இறங்கிவிடும்.

'துவர்ப்பு' போதாதா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். போதாது. நம்ம ஊர்க் கொல்லாம்பழத்தை (முந்திரிப்பழத்தை) கடித்துப் பாருங்கள், துவர்ப்பு ஏராளம், ஆனால் தொண்டையைப் பிடித்துக் காறிக்கொண்டே இருக்கும், லேசில் விடாது. அதை யாரும் பிரிஸ்க் என்று சொல்ல மாட்டார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை தக்கலையில் எங்கள் வீட்டில் ஒரு சோதனை செய்தேன். ஒரே நீலகிரித் தோட்டத்தின் ஆர்த்தடாக்ஸ் தேயிலை (இலையைத் தூளாக நொறுக்காமல் உருட்டிச் செய்வது), ஒன்று புதுப் பொட்டலம், மற்றது போன வருடம் வாங்கி, மூடி சரியாக மூடாமல் இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) முழுக்க அலமாரியில் கிடந்தது. சுவைத்துப் பார்க்கத் தேநீர் போடும் முறைக்கான சர்வதேசத் தரம் ஐஎஸ்ஓ 3103 சொல்கிறபடி 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம், மூடிவைத்து 6 நிமிடம், பாலும் சீனியும் கிடையாது. வெள்ளைக் கிண்ணத்தில் இறுத்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நிறம். கரண்டியால் எடுத்துக் காற்றோடு சர்ரென்று உறிஞ்சினால்தான் வித்தியாசம் தெரிந்தது. பிரிஸ்க் என்ற சொல்லையே கேட்டிராத அம்மாவிடம் இரண்டையும் கொடுத்தேன். புதியதைக் குடித்துவிட்டு, "இது சுறுக்குன்னு இருக்கு, மத்தது சும்மா வெந்நி" என்றாள்.

அதையே எடுத்துக்கொள்ளலாம் என்கிறேன்: சுறுக்கு. 'சுறுக்குள்ள தேயிலை', 'சுறுக்குக் குறைந்த தேயிலை', 'ஈரம் பட்டுச் சுறுக்குப் போய்விட்டது' என்று எந்த வாக்கியத்திலும் இடறாமல் உட்காருகிறது. எறும்புக் கடிக்கும் கோபத்துக்கும் சொல்கிற சொல்லாயிற்றே என்று ஆட்சேபம் வரும். வரட்டும், சட்டென்று தைப்பதுதான் அங்கேயும் பொருள். மிளகாய்க்கு நம்மிடம் எரிப்பு தனியாகவே இருக்கிறது, குழப்பம் வராது.

இந்தச் சொல் எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், நம் ஆட்கள் தேயிலையை நிறத்தை வைத்தே எடைபோடுகிறார்கள். சாயாக்கடையில் 'கடுப்பமா ஒண்ணு' என்று கேட்பது நிறமும் கனமும்தான். இலை ஆக்சிஜனேற்றம் அடையும்போது உண்டாகிற தியாஃபிளேவின் என்ற சேர்மம் காஃபீனோடு சேர்ந்துதான் சுறுக்கைத் தருகிறது. அளவு மீறி விட்டுவிட்டால் தியாஃபிளேவின் குறைந்து தியாரூபிஜின் என்ற கருஞ்சிவப்புச் சேர்மம் கூடும், அப்புறம் நிறம் இன்னும் இருண்டு நிற்கும், சுறுக்கு போய்விடும். நிறத்தை மட்டும் பார்த்து நல்ல விலை கொடுக்கிறவர் ஏமாறுவது இங்கேதான், அவர் கடைக்காரரிடம் கேட்க ஒரு சொல் கையில் வேண்டும்.

'பாடி' (தேநீர் வாயில் தருகிற கனம்) என்பதற்குக் கடுப்பம்தான் என் ஓட்டு, அதைத் தனி இழையில் பேசலாம். சுறுக்குக்கு மறுப்பு இருந்தால் பால் விடாமல் ஒரு கட்டன் சாயா குடித்துவிட்டு எழுதுங்கள்.