மறு: செக்-இன் லக்கேஜ், ஸ்கி பை – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்பு நண்பர்களே, வணக்கம்.

இந்த இழையின் மடல்கள் எல்லாவற்றையும் படித்தேன். பனிச்சறுக்குச் சாமான்களை விமானத்தில் கொண்டுபோவது பற்றிய கையேட்டை மொழிபெயர்க்கும் தோழி ஆறேழு சொற்கள் கேட்டிருக்கிறார். 'செக்-இன் லக்கேஜ்' என்பதை முதலில் தீர்த்துவிட்டால் மற்றவை தாமாக வழிக்கு வரும்.

> "சரிபார்க்கப்பட்ட சாமான்" என்று பல இடங்களில் எழுதுகிறார்களே, அதையே வைத்துக்கொள்ளலாமே?

வேண்டாம் ஐயா. கையில் எடுத்துப்போகும் பையும் எக்ஸ்ரே கருவிக்குள் போய்த்தான் வருகிறது. சோதனை இரண்டுக்கும் பொது. முகப்பில் எடை போட்டுச் சீட்டுக் கட்டி அனுப்பிய பெட்டியை இறங்கும் ஊரில்தான் மறுபடி பார்ப்போம். அதுவரை அது நிறுவனத்தின் கையில். இந்தக் கைமாறுதலைச் சொல்லும் சொல்தான் வேண்டும். 'ஒப்படைப் பொதி' என்று முன்மொழிகிறேன். கூட வருவது 'கைப்பொதி'.

சட்டமும் இந்தக் கோட்டில்தான் நிற்கிறது. பன்னாட்டு விமானப் பயணத்துக்கான 1999ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி, ஒப்படைத்த பொதி விமான நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கும்போது சேதமானால், பொதியிலேயே இருந்த குறையால் நேர்ந்ததைத் தவிர, நிறுவனம் பதில் சொல்ல வேண்டும். கைப்பொதிக்கு நிறுவனத்தின் தவறு இருந்தால் மட்டுமே பொறுப்பு. ஒப்படைத்த பொதி சேதமாகி வந்தால் பெற்றுக்கொண்ட 7 நாட்களுக்குள்ளும், தாமதமாக வந்தால் கைக்குக் கிடைத்த 21 நாட்களுக்குள்ளும் எழுத்தில் முறையிட வேண்டும். 'சரிபார்க்கப்பட்ட' என்று படிப்பவருக்கு இந்த வேறுபாடு எங்கிருந்து தெரியும்?

இன்னொரு சோதனையும் வைத்துப் பார்த்தேன். மேலடுக்கில் இடமில்லை என்று ஏறும் வாயிலிலேயே கைப்பையை வாங்கிச் சரக்கறைக்கு அனுப்புகிறார்கள் அல்லவா? அங்கே யாரும் புதிதாக எதையும் சரிபார்ப்பதில்லை. பை கைமாறுகிறது, அவ்வளவுதான். அந்த நொடியில் விதிகளும் மாறிவிடுகின்றன. சூடேற்றும் காலுறைகளுக்கான உதிரி லித்தியம் பேட்டரிகள் சரக்கறைக்குப் போகக் கூடாது; பையைக் கொடுக்கும் முன் எடுத்துக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். 'வாயில் ஒப்படைப்பு' என்று சொன்னால் இது தானே விளங்கும்.

> 'ஒப்படை' வினைப்பகுதி ஆயிற்றே, 'ஒப்படைப்புப் பொதி' என்றல்லவா வர வேண்டும்?

'நில ஒப்படை' என்று அரசு ஆணைகளிலும், மாணவர் எழுதித் தரும் 'ஒப்படை' என்று இலங்கைப் பாடசாலைகளிலும் இது பெயர்ச்சொல்லாகவே வழங்குகிறது. ஆகவே வலி மிகுவதில் குறையில்லை. 'பொதி' பழஞ்சொல் என்பதை ஏற்கிறேன். ஆனால் நாளிதழ்கள் எழுதும் 'உடைமை' உள்ளே இருப்பதைக் குறிக்கிறது, கட்டி முடித்த மூட்டையைக் குறிப்பது பொதிதான். எண்ணிக்கைக்கு நம்மிடம் 'உருப்படி' இருக்கிறது. "23 கிலோவுக்கு மிகாமல் இரண்டு உருப்படி" என்றால் யாருக்கும் புரியும்.

அடுத்தது ஸ்கி, காலுக்கு ஒன்றாக மாட்டிக்கொண்டு பனியில் சறுக்குவது. இதைச் 'சறுக்குப்பலகை' என்றும், இரு காலையும் ஒன்றிலேயே வைத்துச் சறுக்கும் ஸ்னோபோர்டைப் 'பனிப்பலகை' என்றும் வைத்தால் கையேடு குழம்பிவிடும். "ஓர் இணை ஸ்கி அல்லது ஒரு ஸ்னோபோர்டு" என்றுதான் விமான நிறுவனங்கள் விதி எழுதுகின்றன. இரண்டுமே பலகையானால் எது இணை, எது ஒற்றை? ஒடுங்கி நீண்டு, நுனி மேல்நோக்கி வளைந்த பொருளுக்குச் 'சறுக்குமட்டை' பொருந்துகிறது. கிரிக்கெட் மட்டையோடு குழம்பும் என்று ஒரு மடல் சொல்லியது. 'சறுக்கு' முன்னால் நிற்கும்வரை குழம்பாது. பை 'மட்டைப்பை', ஊன்றுவது 'சறுக்குக்கோல்', காலணியைப் பிடித்துக்கொள்வது 'பிணைப்பி', கழன்ற மட்டை சறுக்கி ஓடாமல் நிறுத்தும் ஸ்கி பிரேக் 'தடைக்கம்பி'.

சொற்கள் தாங்குகின்றனவா என்று கையேட்டின் நடுப்பகுதியை எழுதிப் பார்த்தேன்:

"மட்டைகளின் எஃகு விளிம்பை நன்றாகத் துடைத்து உலர்த்துங்கள், ஈரத்தோடு பைக்குள் போனால் துருப்பிடிக்கும். இரு மட்டைகளையும் அடிப்பக்கம் அடிப்பக்கத்தோடு சேர வையுங்கள். பிணைப்பியின் தடைக்கம்பிகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். நுனிப்பக்கம் ஒன்று, வால்பக்கம் ஒன்று எனப் பட்டை போட்டு இறுக்குங்கள். வெளியே துருத்தி நின்று அடிவாங்குபவை பிணைப்பிகளும் இரு முனைகளும்தான். கனத்த காற்சட்டையையும் மேலங்கியையும் அங்கே சுற்றுங்கள். கோல்கள் பக்கவாட்டில். பையில் மிஞ்சும் நீளத்தை மடித்துக் கட்டுங்கள்."

எங்கும் இடறவில்லை. 'தடைக்கம்பி'க்கு மாற்று இருந்தால் சொல்லுங்கள்.

> 'லீனியர் டைமென்ஷன்' = நேரியல் பரிமாணம்?

'நேரியல்' கணிதத்தில் வேறு வேலை பார்க்கிறது. இங்கே கேட்பது நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டிய தொகை. 'முக்கூட்டளவு' என்றால் என்ன செய்ய வேண்டும் என்பது சொல்லிலேயே இருக்கிறது. பெருக்கி வரும் கன அளவோடும் குழம்பாது. பரவலான வரம்பு 158 செ.மீ. 185 நீளம், 30 அகலம், 20 உயரமுள்ள மட்டைப்பையின் முக்கூட்டளவு 235. விளையாட்டுச் சாமான் என்பதால் பல நிறுவனங்கள் இதற்கு விலக்குத் தருகின்றன. எடைக்குப் பொதுவாக விலக்கில்லை. ஓர் உருப்படி 32 கிலோவைத் தாண்டினால் பெரும்பாலும் வாங்கவே மாட்டார்கள், தூக்குபவரின் முதுகு தாங்காது என்பதற்காக. அதனால் 'மிகையளவு', 'மிகையெடை', 'மிகையுருப்படி' மூன்றையும் தனித்தனியாக வைப்போம். மூன்றுக்கும் கட்டணம் வேறு வேறு. எல்லாவற்றையும் 'கூடுதல் லக்கேஜ்' என்று எழுதினால் பயணி எதற்குப் பணம் கட்டுகிறோம் என்றே தெரியாமல் நிற்பார்.

சறுக்குக் காலணிக்குப் புதுச்சொல் தேவையில்லை. ஆனால் கையேட்டில் அதைக் கைப்பொதிப் பகுதியில் போடச் சொல்லுங்கள். மட்டை வராமல் போனால் வாடகைக்கு எடுக்கலாம். காலுக்கென்று வார்த்துப் பழகிய காலணி அப்படிக் கிடைக்காது.

மீதமிருப்பது அவலாஞ்ச் ஏர்பேக். 'பனிச்சரிவு' ஏற்கெனவே நிலைத்த சொல். அழுத்த வாயுக் குப்பி உள்ள இந்த முதுகுப்பையை ஆளுக்கு ஒன்று கொண்டுபோக ஐஏடிஏ (பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கம்) விதிகள் இடம் தருகின்றன. விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும், தவறுதலாக விரியாதபடி கட்டவும் வேண்டும். 'மீட்புப்பை' என்று ஒரு முன்மொழிவு வந்திருக்கிறது. ஆனால் அது புதைந்தவரைத் தோண்டி எடுப்பதில்லை. ஊதிப் பெருத்து, சரியும் பனியின் மேற்பரப்பை ஒட்டியே ஆளை வைத்திருக்க உதவுகிறது. எனக்குப் 'பனிச்சரிவு மிதப்புப்பை' சரியாகப் படுகிறது. மலையில் இதைச் சுமந்து பழகியவர்கள் குழுவில் இருந்தால் 'மிதப்பு' ஒத்துவருமா என்று எழுதுங்கள்.