இரவுப் பணியில் உண்ணும் நேரத்தை மாற்றினால் சர்க்கரை குறையுமா?

கேள்வி:
பதினொரு ஆண்டுகளாகச் சுழல்முறைப் பணியில் செவிலியராக இருக்கிறேன். எடை கூடவில்லை, இனிப்பும் அதிகம் உண்பதில்லை. ஆயினும் சென்ற மாதம் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 6.1 விழுக்காடு, அதாவது நீரிழிவுக்கு முந்தைய நிலை, என்று வந்தது. ஐயம் தீர வேண்டி, அதே மூன்று இட்லியையும் தேங்காய்ச் சட்டினியையும் விடுப்பு நாளில் காலை எட்டு மணிக்கும், பணி நாளில் இரவு இரண்டு மணிக்கும் உண்டு, இரண்டு மணி நேரம் கழித்துக் குளுக்கோமீட்டரில் பார்த்தேன். காலையில் 132, இரவில் 171. உணவு ஒன்றாக இருக்க, இவ்வளவு வேறுபாடு ஏன்?

மறுமொழி 1:
சகோதரி, இரண்டு அளவீடுகளைக் கொண்டு முடிவுகட்ட இயலாது. என்றாலும் நீங்கள் கண்டது ஆய்வுகளோடு ஒத்துப்போகிறது. மூளையின் ஹைப்போதலாமசில் உள்ள உடலின் தலைமைக் கடிகாரம் கண்ணில் விழும் வெளிச்சத்தைக் கொண்டு நேரம் அறிகிறது; கல்லீரல், கணையம், தசை ஆகியவற்றின் கடிகாரங்களோ உணவு வரும் நேரத்துக்கும் இசைகின்றன. உறக்க ஹார்மோனான மெலட்டோனின் மிகுந்திருக்கும் இரவு நேரத்தில் கணையம் தேவைக்குக் குறைவாகவே இன்சுலினை விடுவதால், அப்போது உண்ட இட்லியின் சர்க்கரை இரத்தத்தில் கூடுதல் நேரம் தங்குகிறது.

அமெரிக்காவின் பாஸ்டனில் உடற்கடிகார ஆய்வாளர் ஃபிராங்க் ஷேர் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், 10 பேரை 28 மணி நேர 'நாளில்' வாழவைத்தனர். இதனால் உறக்கமும் உணவும் நாள்தோறும் தள்ளிப்போய், உடற்கடிகாரத்திலிருந்து 12 மணி நேரம் விலகியபோது, இன்சுலின் 22 விழுக்காடு கூடியும் சர்க்கரை 6 விழுக்காடு உயர்ந்தது. பசியடக்கும் லெப்டின் 17 விழுக்காடு குறைந்தது. இரவுப் பணியில் ஓயாமல் பசிப்பதை மனவுறுதிக் குறைவு என்று தயவுசெய்து எண்ணாதீர்கள்.

மறுமொழி 2:
நூற்பாலையில் இரவு ஷிப்ட் பார்ப்பவன் என்பதால் இதை ஆவலோடு படித்தேன். அதே குழுவினர் 2021இல், இரவுப் பணியைப் போன்ற சூழலில் 19 பேரை வைத்துச் சோதித்தனர். இரவிலும் உண்டவர்களுக்குச் சர்க்கரை 6.4 விழுக்காடு ஏறியது. பகலில் மட்டும் உண்டவர்களுக்குக் குறிப்பிடத்தக்க ஏற்றம் இல்லை. அவர்கள் நோயற்ற இளைஞர்கள் என்பதை மறக்கக் கூடாது. நான் ஆறரை மணிக்கே சோறு உண்டுவிட்டுக் கிளம்புகிறேன்.

மறுமொழி 3:
சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், மருத்துவரைக் கேட்காமல் இரவு உணவை விட்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம்.

கேட்டவர்:
நான் மாத்திரை ஏதும் எடுக்கவில்லை. இவ்வாரம் ஏழு மணிக்கே உண்டுவிட்டு, இரண்டு மணிக்கு உப்பிட்ட மோர் மட்டும் குடித்துப் பார்க்கிறேன். ஆறு இரவுகளின் அளவுகளையும் குறித்து வைத்து மருத்துவரிடம் காட்டுவேன்.