உங்கள் குடியிருப்பில் எதற்குச் சண்டை வந்தது?

மடிப்பாக்கத்திலிருந்து:

2019 கோடையில் எங்கள் 18 வீட்டுக் குடியிருப்பில் போர் தண்ணீர் ஏப்ரலிலேயே நின்றுவிட்டது. அப்புறம் 12,000 லிட்டர் லாரிதான். ஆன செலவைப் பதினெட்டால் வகுத்து, வீட்டுக்கு இவ்வளவு என்று சங்கச் செயலாளர் நோட்டீஸ் ஒட்டிவிடுவார். ஜூனில் அந்தத் தொகை மாத மெயின்டனன்ஸையே தாண்டிவிட்டது.

தரைத்தளத்தில் ஒரு பாட்டி தனியாக இருந்தார். மூன்றாவது மாடியில் ஆறு பேர், வாஷிங் மெஷின் தினமும் ஓடும். இரண்டு வீட்டுக்கும் ஒரே பங்கு. கூட்டத்தில் பாட்டி எழுந்து, "நான் பிடிக்கிறது நாளைக்கு நாலு குடம். என் பென்ஷன்ல மூணாவது மாடித் துணியைத் துவைக்கிறீங்க" என்றார். மூன்றாவது மாடிக்காரரும் விடவில்லை. "வீட்டில நாலு பிள்ளைங்க இருக்கிறது தப்பா? அவங்களைக் குளிக்க வேண்டாம்னு சொல்லவா?" என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அன்று ராத்திரி பத்தரை வரை யாரும் எழுந்து போகவில்லை.

சரி, மீட்டர் போடலாம் என்று பிளம்பரைக் கூப்பிட்டோம். மொட்டை மாடியில் ஏறிப் பார்த்தவர் கையை விரித்தார். பழைய கட்டடம். டேங்கிலிருந்து வீட்டுக்கு ஒரு குழாய் என்று வருவதில்லை. சமையலறைகளுக்கெல்லாம் ஒரு குழாய் மேலிருந்து கீழ்வரை இறங்குகிறது, பாத்ரூம்களுக்கு இரண்டு, பின்கட்டுக்கு இன்னொன்று. ஒரு வீட்டுக்கே நாலு மீட்டர் வேண்டும், மொத்தம் 72. கடைசியில் பாதிச் செலவை வீட்டுக்குச் சமமாகவும் மீதியைத் தலைக்கணக்கிலும் பிரித்தோம். பாட்டிக்குக் கொஞ்சம் குறைந்தது.

ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் சென்னை வில்லிவாக்கம் வந்ததை எல்லோரும் டிவியில் பார்த்தோம். அந்த வாரம்தான், மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் எங்கள் தொட்டியின் மூடியைத் திறந்தோம். 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கினார்களே, அந்தத் தொட்டி. உள்ளே கூழாங்கல்லே தெரியவில்லை. மண்ணும் கிழிந்த சிமெண்ட் பையும் இறுகிக் கிடந்தன. மாடியிலிருந்து வரும் குழாயை யாரோ எப்போதோ திருப்பி, நேராகத் தெருக் கால்வாயில் செருகியிருந்தார்கள். எத்தனை ஐப்பசி மழை அதில் போயிருக்கும்! லாரிக்குக் கொடுத்த காசுகூட மறந்துவிட்டது, இது மட்டும் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வேளச்சேரியிலிருந்து:

ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தக் கூட்டத்துக்கு வாடகைக்கு இருப்பவர்களைக் கூப்பிட்டீர்களா? எங்கள் வீட்டுக்காரர் வாடகையை ஏற்றினார். நான் இரண்டு மாதம் அவகாசம் கேட்டேன். மறுநாளிலிருந்து எங்கள் மாடிக்கு வரும் வால்வை மூடிவிட்டார். மூன்று நாள், கைக்குழந்தையை வைத்துக்கொண்டு, எதிர்வீட்டில் குடம் குடமாகப் பிடித்தோம். தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்தே நடைமுறையில் இருக்கிறது. எந்தத் தகராறு இருந்தாலும் தண்ணீர், மின்சாரம் போன்றவற்றை வீட்டுக்காரர் நிறுத்தக் கூடாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. வாடகை அதிகாரியிடம் முறையிடலாம். ஆனால் ஒப்பந்தத்தைப் பதிவு செய்திருக்க வேண்டுமே! என்னிடம் இருந்தது 20 ரூபாய் பத்திரத்தில் எழுதிய 11 மாத ஒப்பந்தம். சட்டத்தின் அந்தப் பக்கத்தை பிரிண்ட் எடுத்து அவர் கையில் கொடுத்தேன். படித்தார், ஒன்றும் பேசவில்லை, சாயங்காலம் தண்ணீர் வந்தது. வீடு மாறும்போது நான் முதலில் கேட்டது ஒப்பந்தத்தைப் பதிவு செய்வீர்களா என்றுதான்.

மடிப்பாக்கத்திலிருந்து:

கூப்பிடவில்லை. 18இல் ஏழு வீடு வாடகை. லாரிக் காசு மட்டும் அவர்களிடம் தவறாமல் வாங்கினோம். நீங்கள் கேட்ட பிறகுதான் உறைக்கிறது.

திருப்பூரிலிருந்து:

எங்கள் வரிசையில் நாலு வீட்டுக்கு ஒரே செப்டிக் டேங்க். போன வருஷம் நிறைந்தது. லாரியில் உறிஞ்சிய பிறகும் அடியில் சேறு கெட்டியாக நின்றது. "ஆளை இறக்கினா ஒரு மணி நேர வேலைங்க, 1,500 சேர்த்துக் குடுத்துருங்க" என்றார் லாரிக்காரர். கூட வந்த தம்பிக்கு இருபது வயது இருக்கும். சட்டையைக் கழற்றி மடித்து எங்கள் காம்பவுண்டுச் சுவர்மேல் வைத்தார், அதன்மேல் செல்போனை வைத்தார். நான் வேண்டாம் என்றேன். "அவங்களுக்கு இதெல்லாம் பழக்கமுங்க" என்றார் பக்கத்து வீட்டு அண்ணன்.

டேங்குக்குள் தேங்கும் விஷவாயு பழக்கம் பார்த்து வருவதில்லை. அழுகிய முட்டை நாற்றம் அதிகமானால் மூக்கு மரத்து, நாற்றமே தெரியாமல் போகும். பாதுகாப்புக் கவசம் இல்லாமல் ஆளை இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013 சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கே இரண்டு ஆண்டுவரை சிறை அல்லது 2 லட்சம்வரை அபராதம், இரண்டும்கூட. இறக்கச் சொல்லும் வீட்டுக்காரருக்கும் அது பொருந்தும். சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் இழப்பீடு என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் அண்ணனிடம் சொன்னேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, நீளக் கழியால் மேலிருந்தே கலக்கி, இன்னொரு நடை உறிஞ்சினார்கள். இரண்டு மணி நேரம் கூடுதல், அவ்வளவுதான். அந்த நடைக்கான காசைத் தரமாட்டோம் என்று மூன்று வீட்டாரும் சொல்லிவிட்டார்கள், நானே கொடுத்தேன். தம்பி சட்டையை உதறிப் போட்டுக்கொண்டு, "அக்கா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி" என்றார்.