ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு மாறிய பின் பழைய குரல்பதிவுகளை மீட்க வழி உண்டா?

குடந்தை மாணவி:

அனைவருக்கும் வணக்கம். ஏழு ஆண்டுகளாக ஒரே ஆண்ட்ராய்டு கைப்பேசியைப் பயன்படுத்தி வந்த நான், அதன் பேட்டரி அரை நாள்கூடத் தாங்காமல் போனதால், பதினைந்து நாள்களுக்கு முன் ஐபோன் 15 ஒன்றை வாங்கினேன். கடையிலேயே சிம்மை மாற்றி, வாட்ஸ்அப்பையும் நிறுவிக் கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தால், அதே எண்ணில் பழைய உரையாடல் ஒன்றுகூட இல்லை. மறுநாள் கடையில் கேட்டதற்கு, "பிராண்டு மாறினா அதெல்லாம் வராதும்மா, புதுசா ஆரம்பிச்சுக்குங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

என்னால் அப்படி விட்டுவிட முடியவில்லை. 2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது நேரில் சென்று கற்க வழியில்லாததால், என் ஆசிரியரான ஓதுவார் ஐயா பண்ணிசைப் பாடங்களை வாட்ஸ்அப் குரல்பதிவுகளாகவே அனுப்பினார். விடியற்காலையில் ஓர் அடியை அவர் பாடி அனுப்புவார். நான் அதைப் பாடித் திருப்பி அனுப்புவேன். பிசகிய இடத்தை மட்டும் அவர் மீண்டும் பாடிக் காட்டுவார். இப்போது அவருக்கு எண்பத்திரண்டு வயது. குரல் தளர்ந்துவிட்டது, மேல் நிலையில் அவர் நின்று பாடிய அந்த இடங்களை இனி அந்தப் பதிவுகளில்தான் கேட்க முடியும்.

பழைய கைப்பேசி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது; மின்னேற்றியில் செருகினால் இயங்குகிறது. ஆனால் அதில் வாட்ஸ்அப்பைத் திறந்தால் எண்ணை மீண்டும் பதிவு செய்யச் சொல்கிறது. தொட்டால் இருப்பதும் அழிந்துவிடுமோ என்ற அச்சத்தில் அப்படியே வைத்திருக்கிறேன். என்ன செய்யலாம்? கூடவே, புதிய கைப்பேசியில் தமிழில் தட்டச்சு செய்வதும் யுபிஐ வழியாகப் பணம் அனுப்புவதும் முன்போல் இல்லை. அவற்றைப் பற்றியும் தெரிந்தவர்கள் கூறினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பொருநைவாசி:

வணக்கம் அம்மா. முதலில் ஒன்றை உறுதியாகச் சொல்லிவிடுகிறேன்: தங்கள் ஆசிரியரின் குரல் பெரும்பாலும் அந்தப் பழைய கைப்பேசிக்குள் பத்திரமாகவே இருக்கிறது. யார் சொன்னாலும் அதை ரீசெட் செய்யாதீர்கள், அதாவது உள்ளவை அனைத்தையும் அழித்துத் தொடக்க நிலைக்குக் கொண்டுபோகாதீர்கள். அதிலுள்ள வாட்ஸ்அப்பை நீக்கவும் வேண்டாம்.

வாட்ஸ்அப்பைத் திறக்காமலேயே அந்தப் பதிவுகளை எடுத்துவிடலாம். ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் குரல்பதிவுகளைத் தனித்தனிக் கோப்புகளாகவே சேமிக்கிறது. பழைய கைப்பேசியை யுஎஸ்பி கேபிளால் கணினியுடன் இணைத்து, திரையில் கேட்கும்போது கோப்புப் பரிமாற்றம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். உள் சேமிப்பகத்தில் ஆண்ட்ராய்டு, அதற்குள் மீடியா, அதற்குள் com.whatsapp, அதற்குள் வாட்ஸ்அப், அதற்குள் மீண்டும் மீடியா என்று சென்றால் 'வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்ஸ்' என்ற கோப்புறை இருக்கும். நெடுநாள் புதுப்பிக்காத கைப்பேசி என்றால், உள் சேமிப்பகத்தின் முகப்பிலேயே வாட்ஸ்அப் கோப்புறை இருக்கக்கூடும். உள்ளே ஆண்டையும் வார எண்ணையும் சேர்த்த ஆறு இலக்கப் பெயர்களில் துணைக் கோப்புறைகள் வரிசையாக இருக்கும். 2020 என்று தொடங்குபவைதாம் தங்களுக்கு வேண்டியவை. ஒவ்வொரு கோப்பின் பெயரும் பிடிடி (PTT) என்ற மூன்று ஆங்கில எழுத்துகளில் தொடங்கும். அடுத்து வரும் எட்டு இலக்கங்கள் அந்தப் பதிவின் நாள். 20200412 என்றிருந்தால் அது 2020 ஏப்ரல் 12. எந்தப் பாடம் எந்த நாளில் நடந்தது என்று தாங்கள் நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்திருந்தால், கோப்பின் பெயரைக் கொண்டே கண்டுபிடித்துவிடலாம்.

கோப்புறை முழுவதையும் கணினியில் நகலெடுத்துக்கொண்டு, இன்னொரு நகலைப் பென்டிரைவிலும் வைத்துக்கொள்ளுங்கள். அவை ஓபஸ் வகைக் கோப்புகள். விஎல்சி செயலியில் ஒலிக்கும்.

தறிநாடன்:

மேலே நண்பர் சொன்னதை முதலில் முடித்துவிடுங்கள். அதன் பிறகு, உரையாடல்களும் முழுமையாக வேண்டுமென்றால், அதற்கும் வழி உண்டு. கடையில் சொன்னது சரியன்று.

ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் தன் காப்புப்பிரதியைக் கூகுள் கணக்கிலும், ஐபோனில் ஆப்பிளின் இணையச் சேமிப்பகமான ஐகிளவுடிலும் சேமிக்கிறது. ஒன்று மற்றொன்றைப் படிப்பதில்லை. தங்கள் புதிய கைப்பேசியில் வெற்றுத்திரை வந்ததற்குக் காரணம் அவ்வளவே. 2022ஆம் ஆண்டு முதல் 'மூவ் டு ஐஓஎஸ்' என்ற செயலியின் வழியாக உரையாடல்களை நேரடியாக மாற்றும் வசதி இருக்கிறது. ஆனால் ஐபோன் புதிதாகப் பெட்டியிலிருந்து எடுத்த நிலையில் இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. தாங்கள் ஏற்கெனவே பயன்படுத்தத் தொடங்கிவிட்டதால், ஐபோனைத்தான் ரீசெட் செய்ய வேண்டியிருக்கும். என் அண்ணிக்கு இதே நிலை ஏற்பட்டபோது இப்படித்தான் செய்தோம்.

சிம்மைப் பழைய கைப்பேசியில் போட்டு, அதிலேயே வாட்ஸ்அப்பை மீண்டும் பதிவு செய்யுங்கள். செயலியை நீக்காத வரையில் உரையாடல்கள் அங்கேயே இருக்கும். இந்தப் பதினைந்து நாளில் புதிய கைப்பேசியில் வந்தவற்றுள் முக்கியமானவற்றை அதற்கு முன்பே வேறிடத்தில் சேமித்துக்கொள்ளுங்கள். ரீசெட் செய்ததும் அவை போய்விடும். பிறகு இரண்டு கைப்பேசிகளையும் மின்னேற்றியில் செருகி, ஒரே வைஃபையில் இணைத்து, மாற்றத்தைத் தொடங்குங்கள். பழைய பேட்டரி பலவீனமாக இருப்பதால் மின்னேற்றியை நடுவில் எடுத்துவிடக் கூடாது. எங்களுக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆயிற்று. அழைப்புப் பட்டியல் மட்டும் வரவில்லை. மாற்றிய பிறகும் பழைய கைப்பேசியில் உள்ளவை அழியாமல் அப்படியே இருக்கும்.

எழுத்துக்காரி:

தட்டச்சைப் பற்றி நான் சொல்கிறேன். பத்து ஆண்டுகளுக்கும் மேலாக இரண்டு வகைக் கைப்பேசிகளிலும் நாள்தோறும் தமிழில் எழுதி வருகிறேன். ஐபோனில் 2013ஆம் ஆண்டு வந்த ஐஓஎஸ் 7 முதலே தமிழ்99, அஞ்சல் ஆகிய இரண்டு விசைப்பலகைகளும் உள்ளேயே இருக்கின்றன. அமைப்புகளில் பொது என்ற பகுதிக்குள் விசைப்பலகைப் பட்டியலுக்குச் சென்று தமிழைச் சேர்த்தால் போதும். தாங்கள் இதுவரை ஆங்கில எழுத்துகளை ஒலிப்புமுறையில் தட்டி எழுதியவர் என்றால் அஞ்சல் உடனே கைக்கு வந்துவிடும். ஆண்ட்ராய்டில் பழகிய கூகுள் விசைப்பலகையே வேண்டுமென்றாலும், அதை ஐபோனிலும் நிறுவிக்கொள்ளலாம்.

ஆயினும் தமிழ்99ஐ ஒரு மாதம் முயன்று பாருங்கள் என்று மனதாரப் பரிந்துரைக்கிறேன். 1999ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு ஏற்ற தரம் அது. உயிரெழுத்துகள் ஒரு பக்கம், மெய்கள் மறுபக்கம் என்று அமைந்திருப்பதால் விரல்கள் மாறி மாறி இயங்கும். ஒரே எழுத்தை இருமுறை தட்டினால் முதலாவதில் புள்ளி தானாக விழும்; அம்மா என்று எழுத அ, ம, ம, ஆ என்ற நான்கு தட்டல்களே போதும். இன எழுத்துகளுக்கும் அவ்வாறே: ங, க என்று தட்டினால் ங்க. தமிழின் இயல்பை அறிந்து செய்த அமைப்பு இது.

யுபிஐ குறித்து: கைப்பேசி மாறினால் சிம்மிலிருந்து குறுஞ்செய்தி அனுப்பி மீண்டும் பதிவு செய்ய வேண்டும். பாதுகாப்புக்காகத் தொடக்கத்தில் வங்கிகள் 5000 ரூபாய்க்கு மேல் அனுப்ப விடுவதில்லை. சில வங்கிகளில் ஆண்ட்ராய்டுக்கு 24 மணி நேரமும் ஐபோனுக்கு 72 மணி நேரமும் இந்த வரம்பு இருக்கும். ரீசெட் செய்தால் தங்களுக்கு இந்த வரம்பு மறுபடியும் வரக்கூடும். ஆகவே மருத்துவச் செலவு, கட்டணம் போன்றவை இல்லாத ஒரு வாரத்தில் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

குடந்தை மாணவி:

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு தம்பி மகன் உதவியுடன் கோப்புறையைக் கணினிக்கு மாற்றினோம். 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்கு மட்டும் நானூற்றுப் பதினேழு பதிவுகள் இருக்கின்றன. அவற்றில் என் பதிவுகளும் கலந்திருப்பதால், ஐயாவுடையவற்றைத் தனியே பிரித்து, நாளுடன் பண்ணின் பெயரையும் சேர்த்துப் பெயர் மாற்றி வருகிறேன். முதலில் திறந்தது நட்டபாடை. பாட்டுக்கு முன்னால் அவர் தொண்டையைச் செருமிக்கொள்வதும், பின்னால் வாசல் தெளிக்கும் ஓசையும்கூட அப்படியே கேட்கின்றன.

உரையாடல்களை மாற்றும் வேலையை, மின்கட்டணம் செலுத்திய பிறகு, வரும் ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்கிறேன். அதற்கு முன், வெள்ளிக்கிழமை ஐயாவின் வீட்டுக்குப் பென்டிரைவில் ஒரு நகல் கொண்டுபோகிறேன்.