ஸ்பிரிங் பிரேக்குக்கு முந்தின வாரம், பிள்ளைகளின் எலிமெண்டரி ஸ்கூலில்: உங்களுக்கு நடந்ததைப் பகிருங்கள்

பிளானோ அம்மா

டெக்சஸில் எங்களுக்கு நாளையோடு ஸ்கூல் முடிந்து ஒரு வாரம் லீவு. போன வருடம் இதே வாரத்தில் நடந்த ஒன்று இன்னும் மனசை அரித்துக்கொண்டிருக்கிறது. எங்காவது கொட்டினால் தேவலை.

ஃபன் ரன். ஒரு சுற்று ஓடினால் இத்தனை டாலர் என்று சொந்தக்காரர்களிடம் வாக்கு வாங்கச் சொல்லும் அதே கூத்துதான். எங்கள் சொந்தம் முழுக்க திருநெல்வேலியில். பெரியப்பாவுக்கு லிங்க் அனுப்பி டாலரில் கேட்க எங்களுக்கு மனசு வரவில்லை, நாங்களே ஒரு தொகையைப் போட்டுவிட்டோம். மகள் அப்போது இரண்டாம் வகுப்பு. அன்றைக்கு அடித்த காற்றில் பெரியவர்களே கூடாரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். இவள் நிற்காமல் ஓடினாள். ஒவ்வொரு சுற்றுக்கும் சட்டை முதுகில் மார்க்கரால் ஒரு கோடு போடுவார்கள், கடைசியில் கோடு போட இடமே இல்லை.

மறுநாள் பரிசு. வாலண்டியராகப் போயிருந்த எனக்கு, பட்டியலைப் பார்த்துப் பரிசை எடுத்துக் கொடுக்கும் வேலை. பட்டியலில் பெயர் இருந்தது, வசூலான தொகை இருந்தது, ஓடின சுற்றுக்கு ஒரு கட்டம்கூட இல்லை. பாதி நேரம் நிழலில் உட்கார்ந்திருந்த பையனுக்கு விளக்கு எரியும் பந்து. என் மகள் வரிசையில் வந்து என் முன்னால் நின்றாள். நானே என் கையால் ரப்பர் வளையம் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன்.

"அம்மா, என் சட்டையில கோடு எண்ணலையா?" என்றாள்.

பின்னால் வரிசை நீண்டிருந்தது. "அடுத்து" என்று சொல்லிவிட்டேன்.

ஃப்ரீமாண்ட் அப்பா

பிளானோ அம்மா, வருத்தம் புரிகிறது. ஆனால் ஃபன் ரன்னைக் கூத்து என்று தள்ளிவிட முடியாது. எங்கள் கலிபோர்னியா கதையைக் கேளுங்கள். 1978-ல் ப்ராப்பசிஷன் 13 என்று மக்களே ஓட்டுப் போட்டு நிறைவேற்றின சட்டம் வந்து சொத்து வரிக்கு உச்சவரம்பு போட்டது. அதுவரை பள்ளிகளுக்கு முக்கிய வருமானமே அந்த வரிதான். அதற்கப்புறம் மாநில அரசு கொடுப்பதை வைத்து ஓட்டுகிறார்கள், பாட்டு வகுப்பு, ஓவிய வகுப்பு, நூலக உதவியாளர் மாதிரி விஷயங்களுக்குப் பல இடங்களில் பெற்றோர் பணம்தான் கைகொடுக்கிறது. எங்கள் ஸ்கூலில் பாட்டு டீச்சர் இருக்கிறார் என்றால் ஏதோ ஒரு பெற்றோர் செக் எழுதியிருக்கிறார் என்று அர்த்தம். வசதியான பகுதியில் நிறைய வசூலாகும், பக்கத்து ஊரில் ஒன்றும் ஆகாது. அதுதான் உண்மையான அநியாயம், ரப்பர் வளையம் இல்லை.

பரிசு கொடுக்காமல் நேராகவே பணம் கேட்கலாமே என்பீர்கள். கேட்டுப் பார்த்தாயிற்று. ஒரு கடிதம் அனுப்பினால் பாதிப் பேர் திறப்பதில்லை. பிள்ளை வந்து "அப்பா, அந்த விளக்குப் பந்து" என்றால் பர்ஸ் தானாகத் திறக்கிறது.

என் அனுபவம் என்று பெரிதாக எதுவும் இல்லை. ஏப்ரல் லீவுக்கு முன்னால் வகுப்பு சுத்தம் செய்யப் போனேன். வந்திருந்த ஒரே அப்பா நான். "ஓ, நீங்கள் உயரமாக இருக்கிறீர்கள்" என்று சீலிங்கில் தொங்கின காகிதப் பட்டாம்பூச்சிகள் எல்லாவற்றையும் என்னையே கழற்ற வைத்தார்கள்.

ஆஸ்டின் மருமகள்

நான் காசு விஷயத்துக்கு வரவில்லை. எனக்கு உறுத்துவது வேறு.

மாமனார் மாமியார் வந்திருந்தார்கள், லீவுக்கு முந்தின வியாழக்கிழமை தாத்தா பாட்டியோடு லஞ்ச். மாமா காலையிலேயே சட்டை தேய்த்துப் போட்டு, விபூதி பூசித் தயார். ஃப்ரண்ட் ஆபீஸில் ஐடி கேட்டார்கள். மாமா பர்ஸைத் திறந்து ஆதாரை எடுத்து கௌண்டரில் வைத்தார். அந்தப் பெண் அதை முன்னால் பின்னால் திருப்பிப் பார்த்து, "இது ஸ்கேன் ஆகாதே" என்றார். பாஸ்போர்ட் வீட்டில். போய் எடுத்து வந்தோம். லஞ்ச் நேரமே அரை மணிதான், மிச்சம் கிடைத்ததில் பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து அவள் கொடுத்த பீட்ஸா ஓரத்தைச் சாப்பிட்டார். அவள் வேறு யாரையும் உட்கார விடாமல் ஸ்வெட்டரைப் போட்டு இடம் பிடித்து வைத்திருந்தாள்.

அதெல்லாம் பரவாயில்லை. காரில் திரும்பும்போது மாமா கேட்டார், "பாஸ்போர்ட்டை அந்த மெஷின்ல வெச்சு என்னம்மா பார்த்தாங்க?"

உங்களுக்குத் தெரியும் அந்த மெஷின் என்ன பார்க்கிறது என்று. பாலியல் குற்றவாளிகள் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்க்கும், இல்லையென்றால் போட்டோ போட்ட ஸ்டிக்கர் அடித்துக் கொடுக்கும். இதை மாமனாரிடம், பின் சீட்டில் அத்தை இருக்கும்போது, எப்படிச் சொல்வது? "சும்மா, போலீஸ் லிஸ்ட்ல பேர் இருக்கான்னு பார்ப்பாங்க மாமா, எல்லாருக்கும்தான்" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "நான் தலைமையாசிரியரா ரிட்டயர் ஆனவன்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, ஒரு தகவல் சொல்வது மாதிரி சொன்னார். ஸ்டிக்கர் இன்னும் சட்டையில் ஒட்டியிருந்தது.

சன்னிவேல்

தாத்தாவுக்கு ஒரு ஸ்கேனோடு போயிற்று. கலிபோர்னியாவில் வகுப்பில் அடிக்கடி உதவிக்குப் போகிற அம்மாக்கள் டிபி இல்லை என்றும் காட்ட வேண்டும்.

என் கதை இரண்டு வரிதான். லீவுக்கு முன்னால் ஒரு ஃபீல்ட் ட்ரிப், துணைக்கு வருவதாக மகனிடம் சொல்லியிருந்தேன். கையில் ஊசி போட்டுப் பார்த்தார்கள், மூன்றாம் நாள் கை பணியாரம் மாதிரி வீங்கிவிட்டது. பாசிட்டிவ் என்றார்கள். பஸ் நான் இல்லாமல் கிளம்பியது, ஜன்னலில் அவன் என் பக்கம் திரும்பவே இல்லை.

இதைப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். நம்மில் பெரும்பாலானவர்களுக்குப் பிறந்ததுமே பிசிஜி என்ற டிபி தடுப்பூசி போட்டிருக்கும், இடது தோளில் தழும்பைப் பாருங்கள். பிசிஜி போட்டவர்களுக்கு டிபி இல்லாமலேயே அந்தத் தோல் டெஸ்ட் பாசிட்டிவ் காட்டலாம். அதனால் முதலிலேயே ரத்த டெஸ்ட் கேளுங்கள், ஐஜிஆர்ஏ என்று சொன்னால் டாக்டருக்குப் புரியும். பிசிஜி அதைக் குழப்பாது. 2015-லிருந்து எல்லாருக்கும் நேராக டெஸ்ட் என்று கிடையாது, முதலில் ஒரு கேள்வித்தாள்தான். ஆனால் டிபி அதிகமுள்ள நாட்டில் பிறந்தவரா என்பது அதில் ஒரு கேள்வி. இந்தியாவில் பிறந்தவர் ஆமாம் என்றுதான் எழுத வேண்டும், எழுதினால் டெஸ்ட்டுக்குப் போக வேண்டும். ரத்த டெஸ்ட்டிலும் பாசிட்டிவ் வந்தால் எக்ஸ்ரே எடுப்பார்கள், பயப்படாதீர்கள். தொற்று உடம்பில் தூங்கிக்கொண்டிருப்பது வேறு, நோயாக இருப்பது வேறு. டாக்டர் சொல்வதைக் கேட்டு நடங்கள். சான்றிதழ் கிடைத்தால் நான்கு வருடம் செல்லும், நகலைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். மார்ச்சில் அலையாமல் ஆகஸ்டிலேயே முடித்துவிடுங்கள். லேப் ரிசல்ட் வரச் சில நாள் ஆகும், ட்ரிப் தேதி நமக்காகக் காத்திருக்காது.

எடிசன் வாசி

நியூ ஜெர்சியில் எங்களுக்கு லீவு ஏப்ரலில்தான், டெக்சஸ்காரர்கள் போட்டோ போட்டு வெறுப்பேற்றுகிறீர்கள். அதனால் என் சம்பவம் மார்ச் 17. செயின்ட் பேட்ரிக்ஸ் டேக்கு, லெப்ரகான் என்கிற ஐரிஷ் கதைக் குள்ளனைப் பிடிக்கப் பொறி செய்து கொண்டுபோக வேண்டும். தங்கத்தைப் பார்த்தால் குள்ளன் வருவானாம். வகுப்பில் எல்லார் வீட்டிலும் அப்பா அம்மா ராத்திரி உட்கார்ந்து ஷூ டப்பாவில் ஏணி, வானவில் எல்லாம் ஒட்டினார்கள். என் பையன் சமையலறையில் துழாவி, காலியான பெருங்காய டப்பாவை எடுத்து வந்தான். மஞ்சளாக, தங்கம் மாதிரி இருக்கிறதாம். அவனே செய்தான், நான் கத்தரிக்கோல் மட்டும் பிடித்தேன்.

சாயங்காலம் குதித்துக்கொண்டு வந்தான். "எல்லாரோடதும் பின்னாடி டேபிள்ல இருந்துச்சு. என்னோடதை மட்டும் டீச்சர் ஜன்னல்கிட்ட தனியா வெச்சாங்க. ஜன்னலைத் திறந்தே வெச்சாங்க, குள்ளன் அந்த வழியாத்தான் வருவானாம்!"

இதுவரை நான் எதுவும் சொல்லவில்லை. இப்போது அவன் நாலாவது. என்றைக்காவது தானாகவே அவனுக்கு உறைக்கும்.

ஹூஸ்டன் நைட் ஷிஃப்ட்

எல்லாவற்றையும் படித்தேன். ஃப்ரீமாண்ட் அப்பாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். செக் எழுதுகிறவர்களால்தான் ஸ்கூல் நடக்கிறது என்கிறீர்கள், சரி. பிளானோ அம்மா நேரம் கொடுத்தார். என்னிடம் இரண்டும் குறைவு. நான் நர்ஸ். சைன்-அப் லிஸ்ட் வரும்போது நான் தூங்குவேன், எழுந்து பார்த்தால் மிச்சம் இருப்பது பேப்பர் பிளேட் மட்டும். ஒவ்வொரு விழாவுக்கும் பேப்பர் பிளேட் என் பெயரில்தான். பிடிஏ, அதாவது பெற்றோர் ஆசிரியர் சங்கம், 1897-ல் வாஷிங்டனில் ஆரம்பித்தபோது அதன் பெயரே அம்மாக்கள் காங்கிரஸ். இன்றைக்கும் எல்லாக் கூட்டமும் காலை பத்து மணிக்கு வீட்டில் இருக்கிற அம்மாவை நினைத்துத்தான் வைக்கிறார்கள்.

லீவுக்கு முன்னால் எக் ஹண்ட், ஒளித்து வைத்த முட்டைகளைப் பிள்ளைகள் தேடி எடுக்கும் விளையாட்டு, வைத்தார்கள். பிளாஸ்டிக் முட்டைக்குள் மிட்டாய் நிரப்ப ஆள் இல்லை என்று க்ளாஸ் அம்மா குழுவில் எழுதினார். நான் ஒரு மூட்டையை வாங்கிக்கொண்டேன். ராத்திரி மூன்று மணிக்கு பிரேக் ரூமில் நானும் கூட வேலை செய்யும் ஒரு ஃபிலிப்பினோ அக்காவும் அடைத்தோம். காலையில் ஸ்க்ரப்ஸோடு ஆபீஸ் வாசலில் வைத்துவிட்டு வந்து படுத்துவிட்டேன்.

அந்த வாரக் கடைசியில் தமிழ்ச் சங்க நிகழ்ச்சி. எங்கள் ஸ்கூலிலேயே பிள்ளை படிக்கிற ஒரு அம்மா, கையில் கேசரித் தட்டோடு, சிரித்துக்கொண்டே கேட்டார், "உங்களை ஸ்கூல் பக்கமே பார்க்க முடியறதில்லையே, குழந்தை படிப்பெல்லாம் அவர்தான் பார்த்துக்கறாரா?" அவர் மகன் பையில் அன்றைக்கும் அந்த முட்டைகளில் ஒன்று இருந்தது, பச்சை நிறம். எடுத்து எடுத்துக் குலுக்கிக்கொண்டிருந்தான். நான் "ஆமாங்க" என்றேன்.

ஃப்ரீமாண்ட் அப்பா

நர்ஸ் அம்மா, உங்களைச் சொல்லவில்லை. வசதி இருந்தும் கொடுக்காதவர்களைச் சொன்னேன்.

பிளானோ அம்மா

அப்படியென்றால் என்னைச் சொன்னீர்கள்.

சான் டியாகோ

சண்டை வேண்டாம், என் கதையைக் கேளுங்கள். தங்கச்சி கல்யாணம் மதுரையில். லீவு தொடங்கும் வரை காத்திருந்தால் டிக்கெட் விலை எங்கேயோ போகிறது, அதனால் முந்தின புதன்கிழமையே கிளம்பினோம். தோஹாவில் அடுத்த ஃபிளைட்டுக்கு உட்கார்ந்திருக்கும்போது ஸ்கூலிலிருந்து வந்திருந்த வாய்ஸ்மெயிலை ஸ்பீக்கரில் போட்டுவிட்டேன். "உங்கள் குழந்தை இன்று பள்ளிக்கு வரவில்லை" என்ற அந்த மெஷின் குரல். ஒன்றாம் வகுப்பு மகள் முகம் வெளிறிவிட்டது. சென்னையில் இமிக்ரேஷன் ஆபீசர் பாஸ்போர்ட்டைப் புரட்டும்போது, "அங்கிள், அப்பாதான் கூட்டிட்டு வந்தார்" என்று சத்தமாகச் சொன்னாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். மனைவி கூட இல்லை, முன்னாடியே போய்விட்டாள். நானும் பெண் குழந்தையும் மட்டும். கொஞ்ச நேரம் வியர்த்துவிட்டது.

சன்னிவேல்

சான் டியாகோ, சிரிப்பு வந்தாலும் ஒன்று சொல்கிறேன். கலிபோர்னியாவில் தகுந்த காரணம் இல்லாமல் மூன்று நாள் வராவிட்டால் ட்ரூயன்ட், அதாவது ஸ்கூலுக்கு மட்டம் போட்டவர், கணக்கில் வந்துவிடும். குடும்பக் கல்யாணத்தை எல்லாரும் காரணமாக ஏற்க மாட்டார்கள். இங்கே மாநிலப் பணம் தினசரி வருகையின் சராசரியை வைத்துத்தான் வருகிறது, டெக்சஸிலும் அப்படியே. லீவுக்கு முந்தின வாரம் பிரின்சிபால் ஈமெயில் மேல் ஈமெயில் போடுவது அதனால்தான். இண்டிபெண்டன்ட் ஸ்டடி ஒப்பந்தம் என்று ஒன்று இருக்கிறது, முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வீட்டுப்பாடத்தை முடித்துத் திரும்பினால் வருகையாக எடுத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு ஸ்கூல் டிஸ்ட்ரிக்டிலும் விதி வேறு, குறைந்தது எத்தனை நாளுக்குக் கொடுப்பார்கள் என்று ஆபீஸில் கேளுங்கள். தனியாகக் குழந்தையோடு பறக்கிற அப்பாக்கள் அம்மா கையெழுத்திட்ட கடிதம் ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள், நோட்டரி செய்து.

எடிசன் வாசி

சன்னிவேல் அக்கா, நீங்களே ஒரு ஆபீஸ் திறக்கலாம்.

கேரி புதுசு

நாங்கள் நார்த் கரோலினாவுக்கு இப்போதுதான் மாறி வந்தோம், கிண்டர்கார்டன். அடுத்த வாரம் எங்களுக்கும் தாத்தா பாட்டி லஞ்ச் இருக்கிறது. ஆஸ்டின் மருமகள், பாஸ்போர்ட் நகல் போதுமா? என் அம்மா ஒரிஜினலை வெளியே எடுக்கவே பயப்படுகிறார்.

ஆஸ்டின் மருமகள்

எங்கள் ஸ்கூலில் ஒரிஜினல்தான் கேட்டார்கள். உங்கள் ஆபீஸுக்கு முந்தின நாளே போன் பண்ணிக் கேட்டுவிடுங்கள். அம்மா ஸ்கூலில் வேலை பார்த்தவர் என்றால், மெஷினைப் பற்றி வீட்டிலேயே சொல்லிக் கூட்டிப் போங்கள், காரில் வைத்து வேண்டாம்.